தொற்றுநோய் வார்டில் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசநோய், எலிக்காய்ச்சல், எச்.ஐ.வி., சிறுநீர்த் தொற்று, ஆறாத சர்க்கரைப் புண் என்று பலரும் படுத்திருக்கும் வார்டில் மருந்தாளுநர் வேலை எனக்கு. கேஸ் ஷீட்டில் மருந்துகளைச் சரிபார்ப்பதுதான் பேருக்கு வேலை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவும் மகனும் கேட்பதற்குப் பதில் சொல்வதிலேயே பாதி நாள் போய்விடும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். படித்த பிறகு உங்கள் டாக்டரிடம் எதைக் கேட்பது என்று தெளிவாகத் தெரிந்தால் போதும்.

சைட் எஃபெக்ட், அலர்ஜி, ஒத்துக்கொள்ளவில்லை: எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. வழக்கமான அளவில் கொடுத்த மருந்து, யாரும் விரும்பாத கெடுதலைச் செய்தால் அது பாதக விளைவு. உலக சுகாதார நிறுவனம் 1972இல் இதற்கு ஏறக்குறைய இப்படித்தான் வரையறை கொடுத்தது. நம் ஊரில் "மருந்து ஒத்துக்கல" என்று சொல்வது இதைத்தான். எனக்குப் பிடித்த சொல்லும் அதுவே. காரணம் என்ன என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதாமல், நடந்ததை மட்டும் சொல்கிறது.

அலர்ஜி அதில் ஒரு சிறு பகுதி. உடலின் எதிர்ப்பு சக்தி அந்த மருந்தை எதிரியாக நினைத்துப் பாய்ந்தால்தான் அலர்ஜி. மாத்திரை போட்டு வயிறு குமட்டினால் அலர்ஜி இல்லை. அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசியால் காது மந்தமானால் அதுவும் அலர்ஜி இல்லை, மருந்தின் நேரடி வேலை. இந்த வித்தியாசத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அளவைக் குறைத்தாலோ மெதுவாக ஏற்றினாலோ நேரடி விளைவு பெரும்பாலும் அடங்கிவிடும். உண்மையான அலர்ஜி என்றால் அந்த மருந்தின் பக்கமே போகக் கூடாது. இரண்டையும் குழப்பினால், ஒன்று நல்ல மருந்தை வீணாக இழப்பீர்கள், இல்லையென்றால் ஆபத்தான மருந்தைத் திரும்ப வாங்குவீர்கள்.

மற்ற வார்டுகளைவிடத் தொற்றுநோய் வார்டில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்கிறார்களே, ஏன்?

நோயும் மருந்தும் ஒரே வேஷம் போட்டுக்கொண்டு வருவதால். காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கிறோம். ஆன்டிபயாடிக்கே காய்ச்சலை உண்டாக்கும். எலிக்காய்ச்சலிலும் மஞ்சள் காமாலை வரும், டி.பி. மாத்திரையாலும் வரும். டெங்குவில் தட்டணுக்கள் குறையும், லினிசோலிட் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையாலும் குறையும். கடும் தொற்றில் சிறுநீரகம் கெடும், கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கும் கெடுக்கும். எச்.ஐ.வி. உள்ளவருக்குத் தடிப்பு வந்தால் காரணம் பத்து இருக்கலாம்.

மருந்துக் காய்ச்சலைப் பாருங்கள். நிமோனியா குறைந்திருக்கும், இருமல் அடங்கியிருக்கும், நோயாளி உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார். ஆனால் எட்டாம் ஒன்பதாம் நாள் மறுபடியும் 102 டிகிரி. தொற்று திரும்பிவிட்டது என்று இன்னும் பெரிய ஆன்டிபயாடிக்குக்குப் போவது எளிது. ஆளைப் பார்த்தால் தெளிவாக இருக்கிறார், காய்ச்சல் மட்டும் எரிகிறது என்றால், மருந்தையும் ஒருமுறை சந்தேகப்பட வேண்டும். காரணமான மருந்தை டாக்டர் நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

இந்தக் குழப்பத்தில் கைகொடுப்பது பெரிய டெஸ்ட் எதுவும் இல்லை. எந்த மருந்து எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் தொடங்கியது, தொந்தரவு எப்போது தொடங்கியது என்ற கணக்குதான். கீழே வரும் பதில்களில் நாள் கணக்கு திரும்பத் திரும்ப வரும். அலுத்துக்கொள்ளாதீர்கள்.

வான்கோமைசின் ஏற்றும்போது முகமும் கழுத்தும் சிவந்து அரித்தது. இனி அந்த மருந்தே கூடாதா?

பெரும்பாலும் போடலாம். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வேகமாக ஏறினால், உடலில் ஹிஸ்டமின் என்ற பொருள் ஒரேயடியாக வெளியே கொட்டும். முகம், கழுத்து, மார்பு சிவக்கும், அரிக்கும், சில சமயம் ரத்த அழுத்தமும் இறங்கும். பார்ப்பதற்கு அசல் அலர்ஜி மாதிரியே இருக்கும், ஆனால் வேகத்தின் கோளாறு. 1 கிராம் மருந்தைக் குறைந்தது 60 நிமிடமாவது எடுத்துக்கொண்டு ஏற்ற வேண்டும். டிரிப்ஸை நிறுத்தி, அரிப்புக்கு மருந்து கொடுத்து, பிறகு இன்னும் மெதுவாக ஏற்றினால் பலரும் தாங்கிக்கொள்கிறார்கள்.

இதில் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. "சீக்கிரம் முடியட்டும், வீட்டுக்குப் போகணும்" என்று டிரிப்ஸ் சக்கரத்தைத் தள்ளிவிடும் ஆட்கள் எல்லா வார்டிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

அப்படியானால் உண்மையான, ஆபத்தான அலர்ஜியை எப்படித் தெரிந்துகொள்வது?

ஊசி போட்ட சில நிமிடங்களில், அதிகபட்சம் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குவது, குரல் கம்முவது, மூச்சில் விசில் சத்தம், வாந்தி, தலை கிறுகிறுத்துக் கண் இருட்டுவது. "எனக்கு என்னவோ ஆகப்போகுது" என்று நோயாளி பயந்து சொல்வதையும் அலட்சியப்படுத்தக் கூடாது. தடிப்பே இல்லாமலும் ரத்த அழுத்தம் விழலாம்.

உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். இதற்கு முதல் மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். அவில் என்ற அலர்ஜி மருந்தும் ஸ்டீராய்டும் பிறகு வரலாம். அவை அட்ரினலினுக்கு மாற்று இல்லை. நோயாளியை எழுப்பி நடக்க விடாதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும்.

டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பயமில்லைதானே?

அந்த நிம்மதியை முழுதாக நம்ப வேண்டாம். பென்சிலினுக்கு முறையான தோல் பரிசோதனை உண்டு, அதற்கென்று தனிக் கரைசல்களும் அளவுகளும் இருக்கின்றன. நம் வார்டுகளில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொஞ்சம் கரைத்து முன்கையில் குத்திவிட்டு 15 நிமிடம் பார்ப்பது வேறு. அதில் ஒன்றும் தெரியாதவருக்கு முழு டோஸில் அலர்ஜி வந்ததும் உண்டு. சும்மா குத்திய இடம் சிவந்ததைப் பார்த்து நல்ல மருந்தை ஒதுக்கியதும் உண்டு. என் கணக்கில், "இதற்கு முன் இந்த வகை ஊசி போட்டிருக்கிறீர்களா, என்ன ஆயிற்று" என்று இரண்டு நிமிடம் விசாரிப்பது அந்தக் குத்தலைவிட மதிப்புள்ளது. முதல் டோஸுக்குப் பிறகு அரை மணி நேரம் நோயாளியைத் தனியே விடாமல் இருப்பது அதைவிட மதிப்புள்ளது.

சின்ன வயதில் பென்சிலின் அலர்ஜி என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போதும் அப்படியேதானா?

வாய்ப்பு குறைவு. அமெரிக்காவில் நோயாளிகளில் ஏறக்குறைய 10 சதவீதம் பேரின் குறிப்பேட்டில் பென்சிலின் அலர்ஜி என்று எழுதியிருக்கும். முறையாகச் சோதித்தால் அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்கள் பென்சிலினைத் தாங்கிக்கொள்கிறார்கள். குழந்தைப் பருவத்தில் வைரஸ் காய்ச்சலோடு வந்த தடிப்புக்கு அன்று கொடுத்த மருந்து பழியை ஏற்றிருக்கும். உண்மையான அலர்ஜியும் வருடங்கள் போகப் போகப் பலருக்கு மறைந்துவிடுகிறது.

அதற்காக வீட்டிலேயே ஒரு கேப்ஸ்யூலைப் போட்டுச் சோதிக்கக் கூடாது. டாக்டரிடம் பழைய கதையை விவரமாகச் சொல்லுங்கள்: எந்த வயதில், எத்தனையாவது டோஸில், தடிப்பா, மூச்சுத் திணறலா, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களா. "அலர்ஜி" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிட்டால் உங்களுக்கு எளிய, மலிவான மருந்துக்குப் பதில் பெரிய மருந்துதான் வரும்.

எலிக்காய்ச்சலுக்குப் பென்சிலின் போட்ட இரண்டு மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டது. மருந்து மாறிப்போய்விட்டதா?

மாறவில்லை. எலிக்காய்ச்சல், சிபிலிஸ் போன்ற நோய்களில் முதல் டோஸ் விழுந்ததும் கிருமிகள் கூட்டமாகச் சாகும். அவற்றின் சிதறல்கள் ரத்தத்தில் கலந்து சில மணி நேரத்தில் நடுக்கம், காய்ச்சல், உடல்வலியைக் கிளப்பும். இதற்கு யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்று பெயர், முதலில் விவரித்த இரண்டு மருத்துவர்களின் பெயரால். பொதுவாக 24 மணி நேரத்துக்குள் அடங்கும். பென்சிலினை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் ரத்த அழுத்தம் இறங்கலாம் என்பதால் அந்த நேரத்தில் கவனிப்பு வேண்டும். இதைப் போய் "பென்சிலின் அலர்ஜி" என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிவிட்டால் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

டி.பி. மாத்திரை ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. ரத்தமா?

ரத்தம் இல்லை, ரிஃபாம்பிசின் என்ற டி.பி. மருந்தின் நிறம். வியர்வை, எச்சில், கண்ணீர்கூட நிறம் மாறும். பயப்பட ஒன்றுமில்லை, மருந்து உள்ளே போகிறது என்பதற்கு அடையாளம். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள், கறை போகாது.

ரிஃபாம்பிசினில் நிறத்தைவிடக் கவனிக்க வேண்டியது வேறு. ஈரல் மற்ற மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தை அது கூட்டிவிடும். கருத்தடை மாத்திரை பலன் தராமல் போகலாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் போதாமல் போகலாம். சில சர்க்கரை மாத்திரைகளும் ஸ்டீராய்டும் அப்படித்தான். எச்.ஐ.வி.க்கு டோலுடெக்ராவிர் எடுப்பவர்களுக்கு டி.பி. சிகிச்சை நடக்கும்போது அதை நாளைக்கு இரண்டு வேளையாக்குவதும் இதனால்தான். வேறு என்ன மாத்திரை எடுத்தாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

டி.பி. மாத்திரையால் மஞ்சள் காமாலை வருமா? வந்தால் கீழாநெல்லி கொடுக்கலாமா?

வரும். டி.பி. சிகிச்சையில் எனக்கு அதிகக் கவலை தரும் விளைவு இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதல் இரண்டு மாதத்தில் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரையை உடல் எடைக்கு ஏற்பக் கொடுக்கிறார்கள். 35 முதல் 49 கிலோ வரை உள்ளவருக்கு 3 மாத்திரை, 50 முதல் 64 கிலோ வரை 4. அந்த நான்கில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு என்ற மூன்றுமே ஈரலைத் தொடக்கூடியவை. எத்தாம்பியூட்டால் மட்டும் ஈரலில் பெரும்பாலும் வம்பு செய்யாது. ஈரல் பாதிப்பு பெரும்பாலும் இந்த முதல் இரண்டு மாதத்தில்தான் வரும். மது அருந்துபவர்கள், வயதானவர்கள், உடல் மெலிந்தவர்கள், ஹெபடைட்டிஸ் பி அல்லது சி உள்ளவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம்.

கண் மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்பே சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு, குமட்டல், வலது விலாவுக்குக் கீழே கனம், காரணமில்லாத அசதி என்று வரும். சிறுநீர் கடுங்காப்பி நிறமாகும். ரிஃபாம்பிசினின் ஆரஞ்சு நிறத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆரஞ்சு முதல் நாளிலிருந்தே இருக்கும். இது நடுவில் வந்து சேரும், கூடவே பசியும் போய்விடும்.

ரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதி கொஞ்சம் ஏறியிருந்தாலே சிகிச்சையை நிறுத்துவதில்லை. பலருக்குத் தொடக்கத்தில் லேசாக ஏறி, மாத்திரை தொடரும்போதே தானாக இறங்கும். குமட்டல், காமாலை போன்ற அறிகுறிகளோடு இயல்பு அளவின் 3 மடங்கைத் தாண்டினால், அல்லது அறிகுறியே இல்லாமல் 5 மடங்கைத் தாண்டினால், ஈரலைத் தாக்கும் மருந்துகளை நிறுத்துகிறார்கள். நோய் கடுமையாக இருந்தால் அந்த இடைவெளியில் ஈரலுக்குப் பாதுகாப்பான வேறு மருந்துகள் ஓடும். நொதி இறங்கியதும் ஒவ்வொரு மருந்தாக, சில நாள் இடைவெளி விட்டு, ரத்தம் பார்த்துப் பார்த்துத் திரும்பச் சேர்ப்பார்கள். பைரசினமைடு கடைசியில் வரும், சிலருக்கு வராமலே போகும். "முதலில் நிறுத்தச் சொன்னீர்கள், இப்போது அதையே கொடுக்கிறீர்களே" என்று சண்டைக்கு வரும் உறவினர்கள் உண்டு. குற்றவாளி யார் என்று பிடிக்க இதுதான் வழி. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூக்கிப் போட்டால் டி.பி. குணமாகாது.

கீழாநெல்லி விஷயத்துக்கு வருவோம். காமாலை என்றதும் விடிகாலையில் எங்காவது போய் ஒரு உருண்டை வாங்கி விழுங்கிவிட்டு வருவது நம் பழக்கம். பிரச்சினை என்னவென்றால், அதைக் கொடுத்துவிட்டு டி.பி. மாத்திரையையும் தொடர்கிறார்கள், ஆஸ்பத்திரிக்கும் வருவதில்லை. அங்கே கழியும் ஒரு வாரத்தில் ஈரல் முழுக்கச் செயலிழக்கலாம். மருந்தால் வந்த காமாலைக்கு முதல் வைத்தியம் அந்த மருந்தை நிறுத்துவது. அன்றைக்கே டி.பி. மையத்துக்கு வாருங்கள். ஏற்கெனவே ஏதாவது மூலிகை கொடுத்திருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள், நாங்கள் திட்டமாட்டோம்.

பாதம் எரிகிறது, ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. இதுவும் டி.பி. மாத்திரையா?

இருக்கலாம். ஐசோனியாசிட் உடலில் வைட்டமின் பி6ஐக் குறைத்து நரம்பைப் பாதிக்கும். இந்தக் கதையில் சென்னைக்குப் பங்கு உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலேயே வைத்து டி.பி.யைக் குணப்படுத்த முடியும் என்று காட்டியதற்காக உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஐசோனியாசிடால் வரும் நரம்பு எரிச்சலைப் பற்றியும் அங்கேயே 1960 வாக்கில் ஆராய்ந்தார்கள். மருந்தை மெதுவாகச் சிதைக்கும் உடல்வாகு உள்ளவர்களுக்கு இந்தத் தொந்தரவு அதிகம் என்பது அங்கே தெரிந்தது. அந்த உடல்வாகு பிறவியில் வருவது, நம் மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உண்டு. அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

மலிவான ஒரு பைரிடாக்சின் (வைட்டமின் பி6) மாத்திரை இதைத் தடுக்கும். சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, மது அருந்துபவர், மெலிந்தவர் என்றால் அது கட்டாயம். மூட்டு வலி வந்தால் அது வேறு கதை: பைரசினமைடு யூரிக் அமிலத்தை ஏற்றுகிறது, சாதாரண வலி மாத்திரையிலேயே அடங்கும்.

கண்ணும் காதும் எந்த மருந்தால் போகும்?

கண்ணுக்கு எத்தாம்பியூட்டால், லினிசோலிட். பார்வை மங்குவதற்கு முன்பே சிவப்பும் பச்சையும் வெளுத்துத் தெரியலாம். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு காலண்டரின் சிவப்புத் தேதியைப் பாருங்கள், பழைய சிவப்பாகத் தெரிகிறதா என்று. இல்லையென்றால் அன்றே வாருங்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு எத்தாம்பியூட்டால் உடலில் தேங்கும், அதனால் அவர்கள் இன்னும் கவனம்.

காதுக்கு அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஊசிகள். இவை சிறுநீரகத்தையும் தாக்கும். சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும், போன காது திரும்பாது. முதலில் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் போகும், அதனால் பேச்சு நன்றாகவே கேட்கும், ஆளுக்குத் தெரியாது. காதில் இரைச்சல், நடக்கும்போது தள்ளாட்டம் என்றால் அடுத்த ஊசிக்கு முன் சொல்லுங்கள். அம்மா வழிக் குடும்பத்தில் யாருக்காவது இந்த வகை ஊசிக்குப் பிறகு காது போயிருந்தால் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் தாய் வழியாக வருகிறது, அது உள்ளவர்களுக்குச் சில ஊசிகளே போதும். மருந்துக்கு அடங்காத டி.பி.க்கு முன்பெல்லாம் மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். இப்போது மாத்திரை மட்டும் கொண்ட முறைகள் வந்துவிட்டதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் பெரிய நிம்மதி.

கருப்புப் பூஞ்சைக்குக் கொடுக்கும் ஆம்போடெரிசின் அவ்வளவு மோசமான மருந்தா?

மோசமான மருந்து இல்லை, முரட்டு மருந்து. 2021இல் கொரோனா இரண்டாம் அலையோடு கருப்புப் பூஞ்சை பரவியபோது தமிழ்நாடு அரசு அதை அறிவிக்க வேண்டிய நோயாக மே மாதத்தில் அறிவித்தது. சிறுநீரகத்துக்குச் சற்றுக் கருணையுள்ள லிப்போசோமல் வகைக்கு நாடு முழுக்கத் தட்டுப்பாடு வந்தது. பல இடங்களில் பழைய வகையையே கொடுக்க வேண்டியதாயிற்று. பழைய வகையை ஏற்றும்போது குளிர் நடுக்கம் வருவது வழக்கம். காய்ச்சல் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்து, மணிக்கணக்கில் மெதுவாக ஏற்றுவார்கள். சிறுநீரகத்தைக் காப்பாற்ற முதலில் சலைன் ஏற்றுவார்கள். ஆனால் மருந்தைக் கலப்பது டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலில்தான், சலைனில் கலந்தால் திரிந்துவிடும். ஒரே ஸ்டாண்டில் இரண்டு பாட்டில் தொங்குவதற்குக் காரணம் அது.

இன்னொன்று, இந்த மருந்து பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் சிறுநீரில் கொட்டிவிடும். கால் துவளும், இதயத் துடிப்பு தடுமாறும். "அப்படியென்றால் இளநீர் கொடுக்கலாமா" என்பார்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு என்பது சரிதான். ஆனால் அதே மருந்து சிறுநீரகத்தை மந்தமாக்கியிருந்தால் பொட்டாசியம் தேங்கத் தொடங்கியிருக்கும். பக்கத்துக் கட்டிலில் அதிக அளவு கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எடுப்பவருக்கோ அந்த மருந்தே பொட்டாசியத்தை ஏற்றும். அவருக்கு இளநீர் ஆபத்து. அன்றைய ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சொன்னால் மட்டும் கொடுங்கள்.

மாத்திரை சூடு, அதனால்தான் வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் என்கிறார்களே?

"சூடு" என்று நாம் சொல்வதற்குப் பின்னால் நிஜமான விஷயம் இருக்கிறது. ஆன்டிபயாடிக் கெட்ட கிருமியோடு குடலின் நல்ல கிருமிகளையும் அழிக்கிறது. அதனால் பேதி, வாயில் வெள்ளை படிவது. பெரும்பாலும் தானே சரியாகும். மோர் குடிக்கலாம், ஆனால் சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போட்டவுடன் பாலும் மோரும் வேண்டாம், மருந்து உடலில் சேராது, இரண்டு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். நாளைக்குப் பல தடவை தண்ணீராகப் போய், வயிறு வலித்து, காய்ச்சலும் வந்தால் அது வேறு. ஆன்டிபயாடிக்கை முடித்துச் சில வாரம் கழித்தும் வரலாம். மெடிக்கல் ஷாப்பில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

தோலில் எந்த மாதிரித் தடிப்பு வந்தால் ஓடிவர வேண்டும்?

அரிக்கும் சாதாரணத் தடிப்பு நிறைய வரும், பாதிக்கு மேல் வம்பில்லாமல் போகும். இவற்றுக்குத்தான் பயப்பட வேண்டும்: அரிப்பைவிட வலியும் எரிச்சலும் தூக்கலாக இருப்பது, வாய், கண், பிறப்புறுப்பில் புண், கொப்புளம், தோல் உரிவது. இந்தக் கடும் தோல் எதிர்வினையை ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மருந்து தொடங்கி ஏறக்குறைய 4 முதல் 28 நாளுக்குள் வரும். தடிப்புக்கு ஓரிரு நாள் முன்பு காய்ச்சலும் தொண்டை வலியும் வருவதால் சளிக்காய்ச்சல் என்று நினைத்து இன்னொரு மாத்திரையும் போட்டுவிடுவார்கள். கோட்ரைமாக்சசோல், எச்.ஐ.வி. மருந்தான நெவிரப்பின் முக்கியக் காரணங்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வாய்ப்பு பல மடங்கு. மூளைத் தொற்றோடு வருபவருக்கு வலிப்புக்காகக் கொடுக்கும் ஃபெனிடாயினும் இதைச் செய்யும். ஆன்டிபயாடிக்கை மட்டுமே சந்தேகித்து ஃபெனிடாயினைத் தொடர்ந்தால் அவ்வளவுதான்.

இன்னொன்று மெதுவாக வரும், 2 முதல் 8 வாரத்துக்குப் பிறகு. முகம் வீங்கி, நெறி கட்டி, காய்ச்சலோடு தடிப்பு பரவி, உள்ளே ஈரலையும் தாக்கும். இவ்வளவு நாள் ஒத்துக்கொண்ட மருந்தாயிற்றே என்று யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

தொழுநோய் மாத்திரை எடுக்கும்போது தேமல் திடீரென்று சிவந்து வீங்குகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். ஏற்கெனவே இருந்த தேமலே சிவந்து வீங்கி, நரம்பு வலித்தால் அது பெரும்பாலும் நோயின் எதிர்வினை. மாத்திரை தொடரும், கூட ஸ்டீராய்டு தேவைப்படலாம், தாமதித்தால் கை கால் விளங்காமல் போகும். இதற்கு மாறாக, தொடங்கிய ஒன்றிரண்டு மாதத்துக்குள் தேமல் இல்லாத இடத்திலும் தடிப்பு, காய்ச்சல், காமாலை என்றால் தொழுநோய்க் கூட்டு மருந்தில் உள்ள டாப்சோன் காரணமாக இருக்கலாம். அப்போது உடனே டாப்சோனை நிறுத்தியாக வேண்டும். இரண்டிலும் பார்த்துச் சொல்ல டாக்டர் வேண்டும், அதே நாளில். அதே கூட்டில் உள்ள குளோஃபசிமினால் தோல் கருப்பது தனி. சிகிச்சை முடிந்து மாதங்கள் போனால் மெல்ல வெளுக்கும்.

அப்பா திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறார். வயதானதால்தானே?

வயதின் மேல் பழி போடுவதற்கு முன் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். சிறுநீரகம் மந்தமானவருக்கு செஃபிபிம் என்ற ஆன்டிபயாடிக்கின் அளவைக் குறைக்காமல் போனால் குழப்பம், உளறல், கை உதறல் வரும். லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள், சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். அதிலும் உளறல் வரும். வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் போட்டால் ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவு சரிந்து வலிப்பு திரும்பலாம். மன அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு லினிசோலிட் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, பதற்றம். வீட்டில் எடுக்கும் எல்லா மாத்திரைகளையும், அட்டையோடு, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். "பி.பி.க்கு ஒரு வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

மருந்துதான் காரணம் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

துப்பறியும் வேலைதான். 1981இல் வெளிவந்த நரான்ஹோ அளவுகோல் என்று ஒன்று உண்டு, பத்துக் கேள்விகள். மருந்துக்குப் பிறகுதான் தொந்தரவு வந்ததா, நிறுத்தியதும் குறைந்ததா, திரும்பக் கொடுத்ததும் வந்ததா, வேறு காரணம் இருக்கிறதா என்று கேட்டு மதிப்பெண் போடுவோம். 9 அல்லது அதற்கு மேல் வந்தால் உறுதி, 5 முதல் 8 வரை பெரும்பாலும் அதுதான், 1 முதல் 4 வரை இருக்கலாம். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தபோதும் வந்ததா என்றும் ஒரு கேள்வி அதில் இருக்கிறது. எங்கள் வார்டில் அப்படிக் கொடுப்பதில்லை என்பதால் அதற்கு எப்போதும் பூஜ்யம்தான். தொற்றுநோய் வார்டில் "வேறு காரணம்" என்பது எப்போதும் படுக்கையிலேயே இருப்பதால் எங்கள் மதிப்பெண்கள் பெரும்பாலும் நடுவிலேயே நிற்கும்.

சந்தேகம் வந்தால் நாங்களே மாத்திரையை நிறுத்தலாமா?

மூச்சுத் திணறல், முகம் வீங்குவது, வாய்ப்புண்ணோடு தோல் உரிவது, கண் மஞ்சளாவது, பார்வை மங்குவது: இவற்றில் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மற்றபடி குமட்டல், லேசான அரிப்பு, நிற மாற்றம் என்றால் போனில் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். டி.பி.யிலும் எச்.ஐ.வி.யிலும் கூட்டு மருந்தில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைத் தொடர்வது மிக மோசம், கிருமி பழகிக்கொள்ளும்.

இதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க முடியுமா? ஆஸ்பத்திரிக்குப் பிரச்சினை ஆகுமா?

முடியும், நோயாளியே தெரிவிக்கலாம். இந்தியாவில் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் தொடங்கியது. 2011இலிருந்து காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. கட்டணமில்லாத எண் 1800-180-3024. பொதுமக்களுக்குத் தமிழிலும் படிவம் இருக்கிறது. பெரிய மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் இதற்கான மையமே உண்டு. நோயாளி யார் என்பதற்கு ஓர் அடையாளம், என்ன நடந்தது, எந்த மருந்து மேல் சந்தேகம், தெரிவிப்பவர் யார்: இந்த நான்கும் இருந்தால் போதும். நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகமே போதும். அறிக்கை கொடுப்பதால் டாக்டரோ கம்பெனியோ தவறு செய்ததாக ஒப்புக்கொண்டதாகாது, விவரங்களும் ரகசியமாகவே இருக்கும். இந்த அறிக்கைகள் ஸ்வீடனில் உப்சாலாவில் உள்ள உலகத் தரவுத்தளம் வரை போகின்றன. ஒரு வார்டில் ஒரே ஒருவருக்கு வந்த அபூர்வத் தொந்தரவு, பத்து நாடுகளின் பத்து அறிக்கைகளோடு சேரும்போதுதான் கண்ணில் படும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது என்ன கேட்டு வாங்க வேண்டும்?

ஒரு சின்ன அட்டை. மருந்தின் கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர். என்ன நடந்தது, தொடங்கி எத்தனையாவது நாள் அல்லது எத்தனையாவது நிமிடம், எப்படிச் சரியானது. அலர்ஜியா, வேக விளைவா, அளவுக் கோளாறா என்று டாக்டரின் கருத்து. அதே குடும்பத்தைச் சேர்ந்த எந்த மருந்துகளைத் தவிர்க்க வேண்டும், எவற்றைத் தாராளமாக எடுக்கலாம் என்ற வரியையும் எழுதச் சொல்லுங்கள், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அட்டையை ரேஷன் கார்டோடு பீரோவில் பூட்டி வைக்காமல் போனில் ஒரு படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். நினைவில்லாமல் கொண்டுவந்து சேர்க்கும் அன்று உங்களால் சொல்ல முடியாது, அவர்தான் காட்ட வேண்டும்.